செயலாளரின் ஆண்டறிக்கை: பணியிடப் பாதுகாப்புச் சட்டமும் இரு தரப்பினரின் கடமைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, தொழிற்கூட உரிமையாளர்களாகவும் தொழிலாளர்களாகவும் இங்கே ஒன்றாக அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நம் சங்கம் ஆற்றிய பணிகளை, செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

பணியிடப் பாதுகாப்புச் சட்டங்கள் வேலை கொடுப்பவர் மீது சுமத்தும் கடமை எது, வேலை செய்பவரிடம் எதிர்பார்ப்பது எது என்பதை ஆண்டு முழுவதும் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்திருந்தோம். அத்தீர்மானத்துக்குக் காரணமாக இருந்தது ஒரு பதிவேடு. உறுப்பினர் ஒருவரின் கூடத்தில் புதிதாகச் சேரும் எவரும் முதல் நாளிலேயே ‘பாதுகாப்பு விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டேன்’ என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்திட வேண்டும். அந்தப் பக்கங்களைப் புரட்டியபோது, கையெழுத்துகளுக்கு நடுவே பல கைநாட்டுகளும் இருந்தன. படிக்கத் தெரியாத ஒருவர் படித்துப் புரிந்துகொண்டதாகக் கைநாட்டு வைத்திருப்பதைப் பார்த்த பிறகு, அந்தப் பதிவேடு தொழிலாளியைக் காக்கிறதா, அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் நிர்வாகத்தைக் காக்கிறதா என்ற கேள்வியைத் தள்ளிப்போட எங்களுக்கு மனம் வரவில்லை.

படிப்புக் கூட்டங்கள் மாதந்தோறும் நடந்தன. முதல் இரண்டு கூட்டங்களில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்தோம். நோயாளியிடம் ‘என்ன தொழில் செய்கிறாய்’ என்றும் கேட்கும்படி மருத்துவர்களுக்குச் சொன்ன இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700-லும், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரிடம் புற்றுநோய் மிகுந்திருப்பதைக் கரியோடு தொடர்புபடுத்திய லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-லும் எழுதியவை வழியாக, தொழில் என்பது நோய்க்கும் காரணமாகலாம் என்ற அறிவு மிகப் பழையது என்பதை அறிந்தோம். அந்த அறிவு சட்டமாவதற்குத்தான் நெடுங்காலம் பிடித்தது. 1837-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டியில் அனுப்பப்பட்ட இறைச்சிக் கடை ஊழியர் ஒருவருக்கு, வண்டி உடைந்து தொடை எலும்பு முறிந்தது. ஊழியர் தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியவர், ஆபத்து என்று தோன்றியிருந்தால் அந்த வேலையை அவர் மறுத்திருக்கலாம் என்று காரணம் காட்டி, அவருக்கு இழப்பீடு கிடையாது என்று நீதிமன்றம் தீர்த்துவிட்டது. மறுத்தால் வேலை போகும் என்ற நிலையில் இருந்த ஒருவரைப் பார்த்து, மறுக்க உனக்கு உரிமை இருந்ததே என்று சொன்ன தீர்ப்பு அது. இதை வாசித்தபோது கூட்டத்தில் எழுந்த முணுமுணுப்பு இன்னும் என் நினைவில் இருக்கிறது.

அங்கிருந்து சட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைக் காண, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981-ல் நிறைவேற்றிய 155-ஆம் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டோம். பணியிடப் பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்கும் உரிய பொது ஒப்பந்தம் இது. பாதுகாப்பான, உடல்நலத்துக்கு உகந்த பணிச்சூழல் என்பது தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்று என்று 2022 ஜூனில் அந்த அமைப்பின் மாநாடு அறிவித்தபோது, இதையும் 2006-ன் 187-ஆம் ஒப்பந்தத்தையும் அடிப்படை ஒப்பந்தங்களின் வரிசையில் சேர்த்தது. நாட்டுக்கு நாடு சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் வேறுபட்டாலும், கடமைகளின் அடுக்கு பெரும்பாலும் இந்த ஒப்பந்தத்தை ஒட்டியே இருக்கிறது.

அதன் 16-ஆம் பிரிவு வேலை கொடுப்பவருக்கு உரியது. தன் கட்டுப்பாட்டில் உள்ள பணியிடம், இயந்திரம், கருவி, வேலைமுறை ஆகியவை நியாயமாக இயன்ற அளவுக்குப் பாதுகாப்பாகவும் உடல்நலக் கேடு இல்லாமலும் இருக்கும்படி அவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அப்பிரிவின் முதல் வாசகம். பாதுகாப்பு உடையும் கவசமும் தர வேண்டும் என்பது அதே பிரிவில் பின்னால்தான் வருகிறது. இந்த வரிசையை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா என்று பார்த்து, முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த பொருளையோ முறையையோ மாற்றி வைத்து, அதுவும் இயலாதபோது தடுப்பு, மூடி, காற்றுறிஞ்சி போன்ற அமைப்புகளால் ஆளுக்கும் ஆபத்துக்கும் இடையே தடை போட்டு, பிறகு வேலை நேரத்தையும் முறையையும் ஒழுங்குபடுத்தி, இவ்வளவுக்கும் பிறகு எஞ்சும் ஆபத்துக்கு மட்டுமே ஹெல்மெட்டையும் கண்ணாடியையும் கையுறையையும் நம்ப வேண்டும் என்பது இத்துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட வரிசை. நம் கூடங்களிலோ கடைசிப் படியிலிருந்து தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறோம்.

‘நியாயமாக இயன்ற அளவு’ என்றால் என்ன என்று உரிமையாளர் தரப்பு உறுப்பினர்கள் கேட்டது நியாயமான கேள்வி. இதற்கு 1949-ல் இங்கிலாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க வழக்கில் தரப்பட்ட விளக்கமே பல நாடுகளில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஆபத்தை ஒரு தட்டிலும், அதைத் தடுக்க ஆகும் பணம், நேரம், சிரமம் ஆகியவற்றை மறு தட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும். செலவுத் தட்டு ஆபத்தைவிடப் பெரிதும் கனத்திருந்தால் மட்டுமே செய்யாமல் விட்டதற்கு மன்னிப்பு உண்டு. கையில் பணம் இருக்கிறதா இல்லையா என்பது இந்தத் தராசில் எந்தத் தட்டிலும் வைக்கப்படவில்லை. 1950-ல் முடிந்த இன்னொரு வழக்கும் எங்களைச் சிந்திக்க வைத்தது. ஏற்கெனவே ஒரு கண் பார்வை இழந்திருந்த பழுதுபார்க்கும் தொழிலாளி துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தியலால் அடித்தபோது, சிதறிய இரும்புத் துணுக்கு நல்ல கண்ணில் பாய்ந்து அவர் முழுப் பார்வையையும் இழந்தார். அந்த வேலைக்குக் கண்ணாடி கொடுப்பது வழக்கமில்லை என்ற வாதம் எடுபடவில்லை. கடமை என்பது தொழிலாளர் என்ற கூட்டத்துக்குப் பொதுவாக அல்ல, ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனியே உரியது என்றும், ஒருவருக்கு நேரக்கூடிய இழப்பு பெரிதென்றால் காட்ட வேண்டிய கவனமும் பெரிது என்றும் முடிவானது. மேற்பார்வையாளரை நியமித்துவிட்டேன், அதோடு என் பொறுப்பு தீர்ந்தது என்ற வாதத்தை 1937-லேயே மற்றொரு சுரங்க வழக்கில், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

தொழிலாளரின் கடமையைப் பற்றி 19-ஆம் பிரிவு பேசுகிறது. வேலை கொடுப்பவர் தன் கடமையை நிறைவேற்ற ஒத்துழைக்க வேண்டும். உயிருக்கோ உடலுக்கோ உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்தால், நேரடி மேலாளரிடம் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். கொடுத்த கவசத்தை அணிவதும், தடுப்பைக் கழற்றாமல் இருப்பதும், தன்னோடு வேலை செய்பவரின் உயிரை எண்ணிப் பார்ப்பதும் பல நாட்டுச் சட்டங்களில் தொழிலாளிமீது உள்ள கடமைகளே. இவற்றைத் தொழிலாளர் தரப்பில் யாரும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒத்துழைப்பதற்கு முதலில் ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும். ஆபத்து என்று சொல்லப்பட்ட பிறகு, அதைச் சரிசெய்யும் வரை அந்த இடத்துக்குத் திரும்பிப் போகும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றும், தக்க காரணத்தோடு விலகி நின்றவருக்கு அதனால் தீங்கு வரக் கூடாது என்றும், பாதுகாப்புக்கான செலவு எதுவும் தொழிலாளி தலையில் விழக் கூடாது என்றும் அதே ஒப்பந்தம் சொல்கிறது. 1837-ல் ஊழியருக்கு எதிராகப் பயன்பட்ட ‘மறுக்கும் உரிமை’ அவரைக் காக்கும் உரிமையாக மாற ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இனி, நேரில் கண்டவை. உறுப்பினர்களின் ஒப்புதலோடு அவர்களுடைய கூடங்களுக்கு ஒரு குழுவாகச் சென்று வந்தோம். ஒரு கூடத்தின் உரிமையாளர், எல்லோருக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டதாகவும் அவர்கள் போடுவதில்லை என்றும் வருத்தத்தோடு சொன்னார். சுவரில் ஆணியில் தொங்கிய கண்ணாடிகளில் ஒன்றை எடுத்து அவரிடமே கொடுத்து, சுழலும் கல்லில் உலோகத்தைத் தேய்க்கும் கிரைண்டர் முன் நின்று பார்க்கச் சொன்னோம். வில்லை முழுவதும் பொறி பட்டுப் புள்ளி புள்ளியாகத் தேய்ந்து, அதன் வழியே பார்த்தால் கல்லின் விளிம்பே தெரியவில்லை. அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் விரல் போகும், கழற்றினால் கண் போகும் என்று அங்கிருந்த தொழிலாளி அமைதியாகச் சொன்னார். அதே கிரைண்டரில் பொருளைத் தாங்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. கல் தேயத் தேயத் தாங்கியை நகர்த்தி, அந்த இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பிடித்திருக்கும் துண்டு உள்ளே இழுபட்டுச் சிக்கி, சுழலும் கல்லே உடைந்து சிதறக்கூடும். உரிமையாளர் அன்றே ஸ்பேனர் எடுத்துவரச் செய்து தாங்கியை நகர்த்தினார், புதிய கண்ணாடிகளும் அந்த வாரத்திலேயே வந்தன. அவர் காட்டிய திறந்த மனத்துக்கு நிர்வாகக் குழுவின் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

விபத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் நோயைப் பற்றிப் பேசுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 29 லட்சம் பேர் தொழில் சார்ந்த காரணங்களால் இறக்கிறார்கள். அவர்களில் சுமார் 26 லட்சம் பேரின் உயிரைப் பறிப்பது நோய், விபத்து அல்ல. கல் அறுக்கும்போது எழும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி உண்டாக்கும் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. தண்ணீர் பாய்ச்சி அறுத்தால் தூசியின் பெரும்பகுதி எழும் இடத்திலேயே அடங்கிவிடும். இரைச்சலும் அப்படித்தான். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது என்பதால், 85 டெசிபலில் 8 மணி நேரம் என்ற அளவை ஏற்றுக்கொண்டால், 88-ல் 4 மணி நேரமும் 91-ல் 2 மணி நேரமும்தான் காது தாங்கும். போன செவித்திறன் திரும்பாது.

மூடிய தொட்டிகளைப் பற்றித் தனிக் கூட்டம் ஒன்று நடத்தினோம். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்களே அடுத்தடுத்து இறப்பது இத்தகைய இடங்களில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. காற்றில் 20.9 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் குறைந்திருப்பதைக் கண்ணோ மூக்கோ சொல்லாது. அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடியதும் மோப்பத்தையே மரக்கச் செய்துவிடுவதால், வாடை நின்றதும் ஆபத்து நீங்கியதாக நினைத்து இறங்கிவிடுகிறார்கள். கருவியால் காற்றை அளக்காமலும், மேலே ஒருவர் கயிற்றோடும் மீட்பு ஏற்பாட்டோடும் நிற்காமலும் எந்த உறுப்பினரும் எவரையும் உள்ளே இறக்கக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கும் இத்தீர்மானம் பொருந்தும். ஒரே இடத்தில் இரண்டு நிறுவனங்கள் வேலை செய்தால் பாதுகாப்பில் இருவரும் ஒத்துழைக்க வேண்டும் என்று 155-ஆம் ஒப்பந்தத்தின் 17-ஆம் பிரிவு சொல்வதால், ‘அவர் என் ஆள் இல்லை’ என்று சொல்லி யாரும் ஒதுங்க முடியாது.

ஆண்டின் நடுவில் சங்கத்துக்கு ஒரு முறையீடு வந்தது. பெல்ட் ஓடும் பகுதியின் மூடி கழன்றிருந்ததால் இயந்திரத்தை இயக்க மறுத்த தொழிலாளி ஒருவருக்கு, அன்றைய அரை நாள் கூலி பிடிக்கப்பட்டிருந்தது. இரு தரப்பையும் அழைத்துப் பேசினோம். மூடியைக் கழற்றியது முந்தைய ஷிப்டின் பராமரிப்பு ஆள் என்றும், வேலை முடிந்ததும் மீண்டும் மாட்ட மறந்துவிட்டார் என்றும் தெரியவந்தது. மறந்தவரைத் தண்டிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, மூடி மாட்டப்படாமல் இயந்திரம் ஓடவே முடியாதபடி ஒரு சுவிட்ச் வைத்திருந்தால் அவர் மறந்ததால் ஒன்றும் ஆகியிருக்காதே என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். பேச்சு அங்கே திசை மாறியது. பிடித்த கூலி திருப்பித் தரப்பட்டது, சுவிட்சும் பொருத்தப்பட்டது.

செய்ய முடியாமல் போனதையும் சொல்ல வேண்டும். யாருக்கும் அடிபடாமல் தப்பிய நிகழ்வுகளை எழுதிவைக்க எல்லாக் கூடங்களிலும் ஒரு குறிப்பேடு வைப்பது என்ற தீர்மானம் பாதியில் நிற்கிறது. குறிப்பேடுகள் வைக்கப்பட்டன, ஆனால் பலவற்றில் பக்கங்கள் வெறுமையாகவே உள்ளன. எழுதியவர் யார் என்று தேடிக் கண்டிப்பார்களோ என்ற அச்சமே காரணம் என்று தொழிலாளர்கள் எங்களிடம் சொன்னார்கள். ஒரு கூடத்தில் மட்டும் உரிமையாளரே முதல் பக்கத்தில், ஏணியிலிருந்து தான் சறுக்கியதை எழுதிவைத்திருந்தார். அந்தக் குறிப்பேட்டில் மட்டும் பக்கங்கள் நிறைந்திருக்கின்றன.

வரும் ஆண்டில் இந்தக் குறிப்பேட்டு வேலையை முடிப்பதும், ஒவ்வொரு கூடத்திலும் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புப் பிரதிநிதி ஒருவரை அமர்த்துவதும், நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட கையெழுத்துப் பதிவேட்டை நிறுத்தி, புதியவருக்கு அவர் வேலை செய்யப்போகும் இயந்திரத்தின் முன்னேயே அவருடைய மொழியில் விளக்கிச் சொல்லி, அவரைச் செய்துகாட்டச் சொல்லும் முறையைக் கொண்டுவருவதும் நிர்வாகக் குழு முன்மொழியும் பணிகள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். கூடங்களைத் திறந்துகாட்டிய உரிமையாளர்களுக்கும், வேலை முடிந்த களைப்போடு மாதந்தோறும் வந்து அமர்ந்த தொழிலாளர்களுக்கும் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்