முதலில் கோளாறைக் கண்டுபிடி, பிறகு சாமான் வாங்கு

அன்புள்ள கண்ணு,

உன் பெட்ரோல் புல்வெட்டி சரியாக ஓடவில்லை என்று நீ அனுப்பிய வீடியோவைக் கண்ணை மூடிக்கொண்டு பல முறை கேட்டேன். இரண்டாவது இழுப்பில் இஞ்சின் பிடிக்கிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கிச் சிறிது நேரம் ஓடுகிறது. பிறகு மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் போய்விட்டது என்கிறார். கடைக்காரர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரை மாற்று என்கிறார். மாப்பிள்ளை இதைத் தூக்கிப் போட்டுவிட்டு பேட்டரியில் ஓடும் புல்வெட்டி வாங்கலாம் என்கிறார். நீயோ காயில், கார்புரேட்டர் இரண்டுக்கும் ஆர்டர் போட்டுவிட்டாய். அவை வந்து சேர்ந்தால் பெட்டியைப் பிரிக்காதே. திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

கோபியில் நம் பட்டறைக்கு வந்த இஞ்சின்களை நீ சின்ன வயதிலிருந்தே பார்த்தவள். எத்தனை பேர் காயிலையும் கார்புரேட்டரையும் மாற்றிக் காசைக் கரைத்துவிட்டு, கோளாறு அப்படியே இருக்க, பயிர் காய்கிறது என்று ஓடி வந்திருக்கிறார்கள்! அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். சந்தேகத்தின்பேரில் சாமான் மாற்றுவது வைத்தியம் ஆகாது. கோளாறு இன்ன இடத்தில் என்று தெரிந்த பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் வில்லியர்ஸ் பம்ப்செட்டானாலும், அமெரிக்காவில் ஒகையோவில் உன் வீட்டுப் புல்வெட்டியானாலும் இதில் மாற்றமில்லை.

பெட்ரோல் இஞ்சின் ஓடுவதற்குப் பெட்ரோல் வேண்டும், பிளக்கில் கரண்ட் வேண்டும், சிலிண்டரில் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை அழுத்தும் அழுத்தம், வேண்டும். கரண்ட் சரியான நேரத்தில் வர வேண்டும். உன் இஞ்சின் இரண்டாவது இழுப்பிலேயே பிடிக்கிறது என்றால், கரண்டும் கம்ப்ரஷனும் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிட்டது. காயில் கெட்டால் வேறு மாதிரி இருக்கும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடும், சூடேறியதும் சட்டென்று நிற்கும், ஆறும்வரை எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. உன்னுடையது அப்படியில்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் காயிலைத் தள்ளி வை.

அந்த ஏறி இறங்கும் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெட்ரோல் குறைவாகப் போனால் வேகம் இறங்குகிறது. வேகம் இறங்கியதைக் கண்டதும், வேகத்தை ஒரே சீராக வைக்கும் கவர்னர், கலவை போகும் வழியிலிருக்கும் த்ராட்டில் என்ற கதவைத் திறக்கிறது. வேகம் ஏறுகிறது. ஏறியதும் கவர்னர் மூடுகிறது. மறுபடி பட்டினி, மறுபடி இறக்கம். கவர்னர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதன் ஸ்பிரிங்கை நீட்டி வளைக்கிறவர்கள் உண்டு. நீ அதைத் தொடவே கூடாது. 21 அங்குலக் கத்தி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினாலே அதன் முனை மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வேகம் எல்லை மீறாமல் காப்பது கவர்னர். அது எந்த வேகத்தில் பிடிக்க வேண்டும் என்று வைப்பது அந்த ஸ்பிரிங்தான்.

ஆக, கோளாறு பெட்ரோல் வரும் வழியில். டாங்கில் இருந்து, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் என்ற சின்னத் துளை வரைக்கும் எங்கே என்று தேட வேண்டும்.

முதலில் டாங்க் மூடியை ஒரு சுற்று தளர்த்திவிட்டு ஓட்டிப் பார். மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் டாங்குக்குள் காற்று நுழையாமல் பெட்ரோல் இறங்காது. மூடி தளர்ந்ததும் இஞ்சின் ஒழுங்காக ஓடினால் வேலை அங்கேயே முடிந்தது. அடுத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகப் புதுப் பெட்ரோல் விட்டு, ஃபில்டரை மாட்டி இழு. கையில் விட்ட பெட்ரோல் இருக்கும்வரை நன்றாக ஓடி, அது தீர்ந்ததும் நின்றால், கார்புரேட்டர் தன் பங்கைத் தரவில்லை என்பது உறுதி.

நீ எழுதியதைப் பார்த்தால் அப்படித்தான் ஆகும் என்று எண்ணுகிறேன். போன அக்டோபரில் கடைசியாகப் புல் வெட்டிவிட்டு, டாங்கில் பெட்ரோலோடு கராஜில் தள்ளியிருக்கிறாய். அங்கே பெட்ரோல் பங்கில் விற்பதில் பெரும்பாலும் 10 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரும் எத்தனாலுமாகப் பிரிந்து அடியில் தங்கும். மேலே இருக்கும் பெட்ரோல் மெல்ல ஆவியாகி, வார்னிஷ் போன்ற பிசினை விட்டுச் செல்லும். இங்கே இப்போது 20 விழுக்காடு கலந்து வருகிறது. பட்டறைக்கு வரும் ஸ்ப்ரேயர் இஞ்சின்களில் இதே பிசினைத்தான் தம்பி சுரண்டிக்கொண்டிருக்கிறான்.

இனிச் சொல்வதை நிதானமாகப் படி. வேலையைக் கராஜுக்குள் வைத்துக்கொள்ளாதே. உங்கள் வீட்டில் வெந்நீர் போடும் கேஸ் அடுப்பு கராஜிலேயே இருக்கிறது. அதன் சிறு சுடர் போதும், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள. வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வா. பிளக்கின் தொப்பியைப் பிடுங்கி, தானாகப் பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கிக் கட்டிவிடு. அது மாட்டியிருக்கும்போது ஒருபோதும் அடியில் கை விடாதே. கத்தியைக் கையால் அரைச் சுற்று சுற்றினாலே இஞ்சின் பிடித்துவிடலாம். குழந்தை அந்தப் பக்கம் வராமல் மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

டாங்கிலிருப்பதை முழுவதும் ஒரு கண்ணாடி ஜாடியில் இறக்கு. வெளிச்சத்தில் வைத்துப் பார். அடியில் தனி அடுக்காகத் தெளிவாக ஏதாவது நிற்கிறதா? நின்றால் அது எத்தனால் கலந்த தண்ணீர். முகர்ந்து பார்த்தால் நல்ல பெட்ரோலின் காரம் இருக்காது, பெயிண்ட் கடை வாசனை வரும்.

கார்புரேட்டரின் அடியில் கிண்ணம் மாதிரி ஒன்று ஒரே ஒரு போல்ட்டில் தொங்குகிறது. அந்தப் போல்ட்டைக் கழற்றும்போது கீழே துணி விரித்துக்கொள். பல புல்வெட்டி இஞ்சின்களில் அந்தப் போல்ட்டே மெயின் ஜெட். அடியிலிருந்து மேலே ஒரு துளை, பக்கவாட்டில் ஒரு துளை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். ஊசிக் காதைவிடச் சின்னதாக ஒரு வட்டம் தெரிய வேண்டும். தெரியாவிட்டாலோ, பிறை மாதிரிப் பாதி மறைந்து தெரிந்தாலோ, உன் கோளாறு உன் கையிலேயே இருக்கிறது. பழைய வயரில் இருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி, அதைக் கொண்டு துளையைத் துழாவு. குண்டூசியோ எஃகுக் கம்பியோ வேண்டாம். ஜெட் பித்தளை, துளை கொஞ்சம் பெருத்தாலும் அளவு கெட்டுவிடும். போல்ட்டில் ஜெட் இல்லாவிட்டால், கார்புரேட்டரின் நடுத்தண்டுக்குள் மேலே இருக்கும். திருப்புளி அதன் காடியில் சரியாக உட்கார்ந்த பிறகுதான் திருப்ப வேண்டும். உட்காராமல் திருகினால் பித்தளை வழுக்கிவிடும்.

சின்ன வேகத்துக்கென்று தனியாக இன்னொரு துளை உண்டு. ஏறி இறங்கி ஓடுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கார்புரேட்டர் கிளீனரைக் குழாய் மாட்டி எல்லாத் துளைகளிலும் அடி. ஒரு துளையில் அடித்தால் இன்னொரு துளையில் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சும் என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதே. கிண்ணத்தின் ரப்பர் வளையத்தைக் கிளீனர் படாமல் முன்பே கழற்றி வை. பட்டால் ஊதிப்போய் மறுபடி காடியில் உட்காராது. கிண்ணத்துக்குள் மிதக்கும் மிதவையை எடுத்துக் குலுக்கிப் பார். உள்ளே திரவம் சலசலத்தால் அது ஓட்டை, மாற்ற வேண்டியதுதான்.

மாட்டும்போது கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே காற்று கசியாமல் அடைக்கும் மெல்லிய கேஸ்கெட்டைக் கவனி. கிழிந்திருந்தால் அந்த வழியே காற்று புகுந்து, நீ சுத்தம் செய்த பின்னும் அதே சத்தம் வரும். கேஸ்கெட் வாங்கச் சில டாலர்தான் ஆகும். பிளக்கையும் கழற்றிப் பார். இவ்வகை இஞ்சின்கள் பலவற்றில் பிளக் முனையின் இடைவெளி 0.76 மில்லிமீட்டர். உன்னுடையதற்கு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்துக்கொள். அந்த முனை வறண்டு வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று நாம் சொன்னதற்குச் சாட்சி.

இப்போது நீ கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியதற்கு வருகிறேன். எனக்கு அதுதான் கவலை. சில சமயம் கயிறு கையைப் பின்னால் வெடுக்கென்று இழுக்கிறது, விரல் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். போன ஆண்டு மேப்பிள் மரத்தின் வேரில் கத்தி மோதி இஞ்சின் அடங்கி நின்றது என்று உன் அம்மாவிடம் போனில் சொன்னாயே, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம்.

கத்தி நேராக இஞ்சின் தண்டின் அடிமுனையில் மாட்டியிருக்கிறது. மேல்முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம். தண்டும் ஃப்ளைவீலும் சரியான நிலையில் பொருந்தி நிற்கச் செய்வது, காடியில் செருகிய கீ என்ற ஒரு சின்ன உலோகத் துண்டு. பல புல்வெட்டிகளில் அதை வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள். கத்தி வேரில் மோதித் தண்டு நின்றாலும் கனமான ஃப்ளைவீல் நிற்காமல் இன்னும் கொஞ்சம் முன்னால் போகப் பார்க்கும். அப்போது கீ நசுங்கியோ அறுந்தோ போகும். அதன் பிறகு ஃப்ளைவீலில் இருக்கும் காந்தம் காயிலைச் சற்று முன்னதாகவே கடக்கிறது. கரண்ட் முன்னதாகவே வருகிறது. பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடித்து அதைக் கீழே தள்ளுகிறது. உன் விரலை இழுப்பது அதுதான்.

கத்தி தளர்ந்திருந்தாலும் இப்படி இழுக்கும். இந்த இஞ்சின்களில் கத்தியின் கனமும் சுழற்சிக்கு வேண்டியிருக்கிறது. அதனால் முதலில் அதைப் பார். புல்வெட்டியைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேல்பக்கம் இருக்க வேண்டும். மறுபக்கம் சாய்த்தால் ஆயில் போய் ஏர் ஃபில்டரில் ஊறி, அடுத்த முறை தெருவே வெள்ளைப் புகையில் மூழ்கும். கையுறை போட்டுக் கத்தியை ஆட்டிப் பார். ஆடினால் கட்டை கொடுத்து நிறுத்திப் போல்ட்டை இறுக்கு. பிறகு கத்தியை மெல்லக் கையால் சுற்றி, நடுவிலிருக்கும் போல்ட்டின் தலையையே பார். அது நேராகச் சுற்றாமல் வட்டமடித்தால் தண்டு வளைந்திருக்கிறது. அப்படியிருந்தால் மேற்கொண்டு எதையும் செய்யாதே, ஒரு காசும் போடாதே, அதை ஓட்டவும் வேண்டாம். அந்த ஒரு நிலையில் மாப்பிள்ளை சொன்னது சரி.

தண்டு நேராக இருந்தால் மேல்மூடியைக் கழற்றி ஃப்ளைவீல் நட்டை எடு. தண்டிலிருக்கும் காடியும் ஃப்ளைவீலில் இருக்கும் காடியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நகத்தின் கனம் அளவு விலகியிருந்தாலும் கீ மாற்ற வேண்டும். ஃப்ளைவீலைச் சுத்தியலால் அடித்துக் கழற்றாதே. காந்தமும் தண்டின் மரையும் கெட்டுப்போகும். அதை இழுத்துக் கழற்றும் புல்லர் என்ற கருவியை வாங்கினாலோ வாடகைக்கு எடுத்தாலோ பாதுகாப்பாக வெளியே வரும். மேல்மூடியில் அச்சடித்திருக்கும் இஞ்சின் எண்ணைக் கொடுத்து, அந்தக் கம்பெனியின் கீயையே வாங்கு. கைக்குக் கிடைத்த எஃகுத் துண்டைச் செருகிவிடாதே. அடுத்த முறை வேரில் மோதினால் கீக்குப் பதிலாகத் தண்டு போகும்.

ஒன்று விட்டுவிட்டேன். பிடியோடு சேர்த்து அழுத்தும் கம்பியை விட்டதும் இஞ்சின் நின்றுவிடுகிறதே, அதை எரிச்சலாக நினைத்து யாராவது கயிறு கொண்டு கட்டச் சொன்னால் கேட்காதே. பிடியை விட்ட 3 விநாடிக்குள் கத்தி நிற்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1982 முதல் விதி இருக்கிறது. எத்தனையோ விரல்களைக் காப்பாற்றியது அது. அதன் கேபிள் நீண்டுபோனாலும் பிரேக் முழுதாக விடாமல் உரசும், காயிலின் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் எர்த்தாகிவிடும், எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. இப்போது உனக்கு அந்தத் தொல்லை இல்லை. என்றாவது ஒருநாள் அடியோடு பிடிக்காமல் போனால் முதலில் அந்தக் கேபிளைப் பார்.

பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ புல்லிலோ ஊற்றாதே. ஊரில் இப்படிப்பட்ட கழிவை வாங்கும் இடம் இருக்கும், மூடிய டப்பாவில் கொண்டு போய்க் கொடு. எத்தனால் கலக்காத பெட்ரோல் அருகில் எங்காவது விற்றால் கொஞ்சம் கூடுதல் விலையானாலும் இந்த இஞ்சினுக்கு அதையே போடு. இல்லாவிட்டால் பெட்ரோல் கெடாமலிருக்க ஊற்றும் மருந்தை வாங்கியவுடனே கேனில் கலந்துவிடு. கெட்ட பிறகு கலந்து பயனில்லை. இந்த ஆண்டு குளிர் வரும்போது டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு உள்ளே தள்ளு.

ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம், பிளக் முனையைக் கிட்டத்தில் ஒரு படம், நட்டை எடுத்த பின் அந்த இரண்டு காடிகளையும் நேர் மேலேயிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. அங்கே நீ காலையில் வேலையைத் தொடங்கினால் இங்கே எனக்கு மாலைதான், போன் பக்கத்திலேயே இருப்பேன். இழுக்கும்போது கயிறு பின்னால் வெடுக்கென்றால் காடியைப் பார்க்கும்வரை மறுபடி இழுக்காதே.

அன்புடன்,
அப்பா