டிரங்குப் பெட்டிக்குள் இருந்த பள்ளிக்கூடம்

பள்ளியின் பழைய மாணவர்களுக்கும் சபைப் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நம் லூத்தரன் உயர்நிலைப் பள்ளியின் கதையைப் பன்னிரண்டு அட்டைகளில் எழுதி, போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பள்ளி வராந்தாவில் மாட்டினோம். அட்டைகளின் கீழே என் பெயர் இருக்கிறது. மாட்டியது நான்தான், அது நிஜம். மற்றதெல்லாம் ஊரார் கொடுத்தது.

ஆரம்பிக்கும்போது கையில் ஒன்றுமே இல்லை. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கரையேறிய புயலில் ஆபீஸ் ரூம் கூரை போய், அட்மிஷன் ரிஜிஸ்டர்கள் எல்லாம் ஊறிக் கூழாகிவிட்டன. மிஞ்சியது "அமெரிக்காக்காரங்க ஆரம்பிச்ச ஸ்கூல்" என்கிற பேச்சுதான். நானும் அதையே முதல் அட்டையில் எழுதி வைத்தேன்.

ஓய்வுபெற்ற பாஸ்டர் ஐயா அதைப் படித்துவிட்டு, "தம்பி, அவங்க வந்தது பின்னாடி" என்றார். ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்புர்க் மிஷனைச் சேர்ந்த மிஷனரி மைலியஸ் 1865இல் சூளூர்ப்பேட்டையில் ஊழியம் தொடங்கினார். அதற்கு முன் அவர் லைப்சிக் மிஷனுக்காகத் தமிழ்நாட்டில் இருந்தவர். முதல் உலகப் போர் வந்ததும் பிரிட்டிஷ் அரசுக்கு ஜெர்மானியர் எதிரிகளாகிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன வேலையைத்தான் அமெரிக்காவின் ஒஹாயோ சினோடு என்ற லூத்தரன் சபை அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஐயா இதைச் சொல்லி முடிக்க இரண்டு டீ ஆனது. அட்டையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஐயா, ஊரெல்லாம் சிரிக்காமல் காப்பாற்றினீர்கள்.

அடுத்து, சயின்ஸ் வாத்தியாரின் மகள். நம் எல்லோருக்கும் அக்கா. பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி, பாச்சை உருண்டை வாசத்தோடு இரண்டு எஸ்.எஸ்.எல்.சி. மார்க் புத்தகங்களை எடுத்து நீட்டினார். அப்பாவுடையது மதராஸ் ராஜ்யம். இரண்டு வருஷம் இளைய சித்தப்பாவுடையது ஆந்திர ராஜ்யம். நடுவில் 1953 அக்டோபர் 1 வந்து, ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து, நம் ஊரும் அதோடு போய்விட்டது. அதே பெஞ்சு, அதே வாத்தியார், அதே புளியமரம். அண்ணன் தம்பிக்கு மாநிலம் மட்டும் வேறு. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு அன்று வெகுநேரம் என்னால் எழுந்து போக முடியவில்லை. தமிழ் பேசும் வீட்டில் பிறந்து தெலுங்கு மீடியத்தில் படித்தவன் நான். எங்கே எது மாறியது என்று அதுவரை கையில் தொட்டுப் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் சபையைக் கவனித்த உபதேசியாரின் நோட்டு கிடைத்தபோது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அத்தனையும் தமிழ் எண்கள். மீன் மார்க்கெட் பக்கத்து வீட்டுப் பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் வாசித்தார். பாதிப் பக்கங்கள், வீடுகளில் உலை வைக்கும்போது காணிக்கையாக எடுத்து வைக்கும் பிடியரிசியின் கணக்கு. எந்த வீட்டிலிருந்து எத்தனை படி, போர்டிங் பிள்ளைகளுக்கு எத்தனை நாள் சோறு என்று வரிசையாக இருந்தது. பாட்டி, உங்கள் அம்மா பெயரும் அதில் இருந்ததே, அங்கே மட்டும் கொஞ்சம் நிறுத்தினீர்கள்.

ஜெராக்ஸ் கடை அண்ணன் நூறு பக்கத்துக்கு மேல் எடுத்துக் கொடுத்துவிட்டு, தாளுக்கு மட்டும் காசு வாங்கினார். மூன்று மாதம் "ரேப்பு ரண்டி" (நாளைக்கு வாங்க) என்றே அனுப்பிய ஓர் ஆபீசும் உண்டு. அவர்களுக்குத் தனி மடல் எழுத உத்தேசம் இல்லை.

அக்கா, பெட்டியை நாளைக்குக் கொண்டு வருகிறேன். உள்ளே புது பாச்சை உருண்டை போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு, கடைசி பெஞ்சு