கேள்விக்கொத்தைக் கடைசியாகக் கொடு

வவுனியா

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நல்ல சுகம். உன் சுகத்துக்குக் கடவுள் துணை.

பள்ளிக்கூடத்தில் தொழில் வழிகாட்டல் பொறுப்பை உன்னிடம் தந்திருப்பதாகவும், 9ஆம் தரத்துக்கும் 11ஆம் தரத்துக்கும் கொடுக்க ஆர்வக் கேள்விக்கொத்து வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அனுப்புகிறேன். ஆனால் வந்த கையோடு வகுப்பில் கொடுத்துவிடாதே பிள்ளை.

அந்தத் தாள் ஆர்வத்தை அளக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வன்னிக்குள் அது பெரும்பாலும் பிள்ளை எதைக் கண்டிருக்கிறது என்பதைத்தான் அளக்கும். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே குளக்கட்டோரம் வளர்ந்த பிள்ளை கண்டது ஆசிரியர், தாதி, கிராம சேவகர், அபிவிருத்தி உத்தியோகத்தர், மேசன், ஓட்டோக்காரர். நில அளவையாளர் முக்காலியோடு காணிக்கு வந்து போயிருப்பார், அவர் அதற்குள்ளால் என்ன பார்க்கிறார் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். காணாத வேலைக்குப் பிள்ளை "பிடிக்காது" என்று புள்ளடி போடும். நீயும் அதைக் கூட்டிப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கு அதில் ஆர்வமில்லை" என்று எழுதிவிடுவாய்.

ஆகவே முதல் பாடவேளையில் ஆளுக்கு ஒரு வெறுந்தாள் கொடு. 10 நிமிடம். கண்ணால் கண்ட வேலைகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதட்டும். பக்கத்தில் அதைச் செய்தவர் ஆணா பெண்ணா என்று ஓர் எழுத்து. பிறகு, ஒருநாளும் செய்யமாட்டேன் என்கிற வேலைகளைக் கோடு போட்டு வெட்டி, ஏன் என்று ஒரு வரியில் எழுதச் சொல். பெயர் எழுதவேண்டாம். தாளை வாங்கிக்கொள், வகுப்பில் வாசிக்காதே. "எங்கட ஆக்கள் அதைச் செய்யமாட்டினம்" என்றோ, "அது அவையின்ர வேலை" என்றோ சிலது வரும். சாதி அந்தத் தாளில்தான் வாய் திறக்கும். சத்தமாக வாசித்தால் யாரோ ஒரு பிள்ளை தலைகுனியும்.

வெட்டிய காரணங்களைப் பிரித்து அடுக்கு. லிண்டா கொட்பிரெட்சன் என்ற ஆய்வாளர் 1981இல் சொன்ன வரிசை உனக்குக் கைகொடுக்கும். பிள்ளைகள் தொழிலைத் தெரிவு செய்வதற்கு முன் கழித்துக்கொண்டே வருகிறார்கள் என்பது அவர் கருத்து. 6 முதல் 8 வயதுக்குள் ஆம்பிளை வேலை, பொம்பிளை வேலை என்று கழிப்பு. 9 முதல் 13க்குள் மதிப்பில்லாதது, தனக்கு எட்டாதது என்று கழிப்பு. 14க்குப் பிறகுதான் எஞ்சியதற்குள் தனக்குப் பிடித்ததைத் தேடுவது. உன் 9ஆம் தரத்துப் பிள்ளைகளுக்கு இப்போது 14. நீ போய் நிற்கும்போது பாதிக்கு மேல் வெட்டியாயிற்று.

ஒவ்வொரு கழிப்புக்கும் மருந்து வேறு. "பெட்டையள் செய்யிறதில்லை" என்று வெட்டியிருந்தால் உன் விளக்கம் எடுபடாது. மோட்டார் திருத்தப் படித்த ஒரு பிள்ளையை, இரண்டு மூன்று வயதே மூத்தவளாக, பக்கத்து ஊர்க்காரியாகப் பார்த்துக் கூட்டிவா. பெரிய அதிகாரியைக் கூட்டிவந்தால் மாலை போட்டுக் கைதட்டுவார்கள், ஆனால் அவரில் தங்களைக் காணமாட்டார்கள். அதுபோலத்தான் பெடியங்களுக்கு ஓர் ஆண் தாதியும்.

"கணிதம் வராது" என்று வெட்டியிருந்தால் அது வேறு விஷயம். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை நான்கு வழியால் வரும் என்றார் உளவியலாளர் அல்பேட் பந்துரா: தானே செய்து முடித்தது, தன்னைப்போல ஒருவர் செய்யக் கண்டது, பிறர் சொன்ன தைரியம், செய்யும்போது உடம்பில் உண்டாகும் பதற்றம் அல்லது அமைதி. முதலாவதுதான் பலமானது. அந்தப் பிள்ளையிடம் அளவுநாடாவைக் கொடுத்து வகுப்புச் சுவரை அளக்கச் சொல். 6 மீற்றர் நீளம், 3 மீற்றர் உயரம் என்றால் 18 சதுர மீற்றர். இரண்டு யன்னல், ஒவ்வொன்றும் 1.5. கழித்தால் 15. இரண்டு பூச்சு, 30. ஒரு லீற்றர் பெயின்ற் ஏறக்குறைய 10 சதுர மீற்றருக்குக் காணும் என்று வைத்தால் 3 லீற்றர். தாளில் செய்யப் பயந்த கையே நாடாவைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்யும். செய்த பிறகு, "கட்டட அளவையியலாளர் நாள் முழுக்கச் செய்வது இதன் பெரிய வடிவம்தான்" என்று ஒரு வார்த்தை சொல். அதற்கு மேல் பேசாதே.

இதெல்லாம் முடிய, கேள்விக்கொத்து. தொழில் ஆர்வத்தை ஆறாகப் பிரித்த உளவியலாளர் ஜோன் ஹொலண்டின் வகைகள்தான்: கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுவது, வியாபாரம், ஒழுங்கான கணக்குவழக்கு. எங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரிக் கூற்றுகளை அதே வரிசையில் மாற்றியிருக்கிறேன்: தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் பூட்டுவது, வயலில் இலை ஏன் மஞ்சளானது என்று தேடுவது, கூத்துக்கு உடுப்பு அமைப்பது, தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடை போட்டு விற்பது, கமக்காரர் அமைப்பின் கணக்கு எழுதுவது. புள்ளி போடுமுன் "தெரியாது" என்ற விடைகளை எண்ணு. ஒரு வகையில் காற்பங்குக்கு மேல் "தெரியாது" வந்தால் அந்த வகையைக் கூட்டாதே, முதலில் அந்த வேலையைக் காட்டு. ஆறு வகையும் கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் நின்றால் அந்தப் பிள்ளையின் ஆர்வம் இன்னும் பிரியவில்லை என்று அர்த்தம். ஒன்றும் சொல்லாமல் ஆறு மாதத்தால் திரும்பக் கொடு. எந்த விடைத்தாளிலும் "நீ இன்னதுக்குப் போ" என்று எழுதாதே. ஆர்வம் வேறு, திறமை வேறு.

9ஆம் தரத்தை மூன்றாம் தவணைக்கு முன் முடித்துவிடு. எல்லோரும் 11ஆம் தரத்துப் பொதுப் பரீட்சையான ஓ.எல் முடிந்த பிறகுதான் தெரிவு தொடங்குகிறது என்று நினைக்கிறார்கள். 10ஆம் தரத்தில் ஒன்பது பாடத்தில் மூன்றைத் தொகுதிகளிலிருந்து எடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. அதிலும் சின்னப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் பிள்ளையின் "விருப்பம்". உன் பள்ளிக்கூடத்திலும் அப்படி என்றால் அதிபரோடு இப்போதே கதை.

பஸ் நேர அட்டவணையையும் வாங்கி வை. ஓ.எல்லுக்குப் பிறகு வரும் உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் உள்ள பள்ளிக்கூடம் எத்தனை மைல், பின்னேர வகுப்பு முடிந்தால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? கெட்டித்தனமான பெண்பிள்ளை ஊரிலேயே கலைப்பிரிவு எடுத்தால், பலமுறை அந்த பஸ்தான் காரணம். அப்படியான வீட்டில் ஆர்வத்தைப் பற்றிக் கதைத்துப் பயனில்லை, விடுதி இடத்தைப் பற்றிக் கதை.

தாய் தகப்பனோடு கவனமாகப் பேசு. அரசாங்க உத்தியோகம்தான் வேண்டும் என்பார்கள். அது அறியாமை இல்லை. 2009இல் போரின் கடைசியில் வீடு, மாடு, உழவு இயந்திரம் எல்லாம் விட்டுவிட்டு வந்த சனம். ஓய்வூதியம் ஒன்றுதான் விட்டுவிட்டு ஓடவேண்டாதது. அதை மதித்துக்கொண்டு கணக்கைக் காட்டு. பல்கலைக்கழகத்துக்கு உயர்தரம் மூன்று முறை எழுதலாம். மூன்றும் எழுதினால் வயது 21, 22 ஆகிவிடும். பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பட்டியலில் உண்டு. "கொழும்புப் பிள்ளையளோட எங்கட பிள்ளை போட்டி போடேலுமோ" என்கிற தாய்க்கு இதை எழுதியே காட்டவேண்டும்.

தொழிற்பயிற்சியைப் பற்றியும் பேசு, ஆனால் பெறுபேறு வருவதற்கு முன். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவுக்கு ஓ.எல் சித்தி கேட்பதில்லை. பெறுபேறு வந்த கிழமை சித்தியடையாத பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டுச் சொன்னால் அது தண்டனைப் பிரிவாகிவிடும், பிறகு ஒருவரும் சேரமாட்டார்கள். தேசியத் தொழில் தகைமையான என்.வி.கியூவின் ஏணியை ஒரு படமாகக் கீறு: 4 முழுத் தொழிலாளி, 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். மேலே போக வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் தகப்பன் தலையாட்டுவார்.

கிளிநொச்சி அறிவியல் நகருக்கு ஒருநாள் கூட்டிப்போ. யாழ். பல்கலைக்கழகப் பொறியியல், விவசாய பீடங்களும் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் ஒரே இடத்தில். பஸ்ஸில் கொஞ்ச இருக்கையைத் தாய்மாருக்கு வை. கட்டடத்தைப் பார்த்துப் படம் எடுத்துத் திரும்புவதுதான் வழக்கமான பிழை. ஒவ்வொரு பிள்ளையும் அங்கு படிக்கும் ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதட்டும்: காலையில் முதல் கையில் எடுப்பது என்ன? எதில் அடிக்கடி பிழை விடுகிறீர்கள்? முதல் சம்பளம் வரும்வரை வீட்டில் எவ்வளவு செலவு?

கேள்விக்கொத்து 40 பிரதி நாளைக் காலை முல்லைத்தீவு பஸ்ஸில் வரும், நடத்துனரிடம் வாங்கிக்கொள். "தெரியாது" நிரல் அச்சில் இல்லை. நானும் அம்மாவும் அடிமட்டம் வைத்து எல்லாத் தாளிலும் கோடு போட்டிருக்கிறோம். இரண்டு அளவுநாடாவும் அதற்குள் உண்டு.

அன்புடன்,
அப்பா