நோய் அடங்கிய ஆண்டுகளுக்கும் நிதி ஒதுக்குங்கள்

கொடிய வைரஸ்களுக்கான தடுப்பூசி ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். மனிதரைச் சில நாட்களிலேயே கொன்றுவிடக்கூடிய வைரஸ்களுக்குத் தடுப்பூசி தேடுவதையே தொழிலாகக் கொண்டிருந்து, அண்மையில் ஓய்வுபெற்றவர்களில் நானும் ஒருவர். உங்களிடம் நிதி பெற்றிருக்கிறேன். உங்களைப் போன்ற குழுக்களில் அமர்ந்து பிறருடைய விண்ணப்பங்களை மறுத்துமிருக்கிறேன். ஆகவே நான் எழுதுவதில் என் பங்குக்கான குற்றமும் அடங்கியிருக்கிறது. நோய் பரவும்போது வாரி வழங்குவதும், அடங்கியவுடன் கையை இறுக்கிக்கொள்வதுமாகவே இந்த ஆய்வுகளை நாம் நடத்தி வருகிறோம். அதனால், விலங்குச் சோதனையில் வென்ற தடுப்பூசிகள்கூட மனிதருக்குப் போடத்தக்க மருந்தாக மாறாமல் உறைபெட்டியிலேயே கிடக்கின்றன.

எர்வெபோ என்ற பெயரில் இன்று பயன்படும் எபோலா தடுப்பூசியின் வரலாறு உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், அதன் நடுப்பகுதியை மட்டும் மீண்டும் நினைவூட்ட விரும்புகிறேன். கால்நடைகளின் வாயில் கொப்புளங்களை உண்டாக்கும் வெசிகுலர் ஸ்டொமாட்டைட்டிஸ் வைரஸிலிருந்து அதன் மேற்பரப்புப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் எபோலாவின் மேற்பரப்பிலுள்ள கிளைக்கோபுரதம் என்ற புரதத்துக்கான மரபணுவைப் பொருத்தினால், உண்மையான எபோலாவைச் சந்திக்காமலேயே உடல் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்பதே அதன் அடிப்படை. கனடாவின் வின்னிபெக் நகரிலுள்ள தேசிய நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் ஹைன்ஸ் ஃபெல்ட்மன், ஸ்டீவன் ஜோன்ஸ் ஆகியோர் இதை வளர்த்தெடுத்தனர். தாமஸ் கைஸ்பர்ட் உள்ளிட்டோருடன் சேர்ந்து 2005-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஓர் ஊசி குரங்குகளை எபோலாவிலிருந்து காப்பாற்றியது. மனிதர்களிடம் முறையான முதல் சோதனை தொடங்கியதோ 2014 அக்டோபரில்.

இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் அறிவியல் தடுமாறவில்லை, பணம்தான் வரவில்லை. ஏழை நாடுகளில் எப்போதாவது தலைகாட்டும் ஒரு நோய்க்கு வணிகச் சந்தை இல்லை என்பதால் பெரிய மருந்து நிறுவனங்கள் ஒதுங்கியே நின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா காட்டுத்தீயாகப் பரவிக்கொண்டிருந்தபோது கனடாவால் உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்ப முடிந்தது 800 குப்பிகள். அந்தப் பரவல் 28,600-க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 11,300-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2015-இல் கினியாவில் நோயாளிகளைச் சுற்றியிருந்தோருக்கு வளையமாகத் தடுப்பூசி போட்டுப் பார்த்தபோது, ஊசி போட்டுப் பத்து நாட்கள் கடந்தபின் அவர்களில் ஒருவருக்கும் எபோலா வரவில்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு முதலில் தோன்றியது மகிழ்ச்சி அன்று, கணக்குத்தான்: இதே மருந்து 2010-லேயே போதிய அளவில் குப்பிகளில் இருந்திருந்தால்?

அந்தத் தடுப்பூசி மனித உடலுக்குள் முதன்முதலாகச் சென்றது அந்தச் சோதனைகளில் அன்று. 2009 மார்ச்சில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், எபோலா வைரஸ் இருந்த ஊசி ஓர் ஆய்வாளரின் மூன்று கையுறைகளையும் துளைத்து விரலில் குத்திவிட்டது. கனடாவிலிருந்து விமானத்தில் வந்த தடுப்பூசி இரண்டு நாட்களுக்குள் அவருக்குப் போடப்பட்டது. அவருக்கு நோய் வரவில்லை. வைரஸ் அவர் உடலில் நுழைந்ததா என்பதே கடைசிவரை உறுதியாகவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்போம் என்பதை உங்களால் ஊகிக்க முடியும். மிகக் கொடிய வைரஸ்களைக் கையாளும் நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகத்தில், காற்று ஊதப்பட்ட உடுப்புக்குள் நின்றுகொண்டு, மேலிருந்து தொங்கும் காற்றுக்குழாயின் இரைச்சலில் பக்கத்திலிருப்பவர் பேசுவதுகூடக் கேட்காமல், தடித்த கையுறையோடு ஓர் எலியின் வாலில் ஊசி ஏற்றுவது புத்தகம் படித்து வரும் திறன் இல்லை. புதியவர் ஒருவரைத் தனியாக வேலை செய்ய விடுவதற்கு முன், அவரோடு மாதக்கணக்கில் நாங்களும் உள்ளே நிற்க வேண்டும். மூன்றாண்டு மானியம் முடிந்து, அடுத்தது வரத் தாமதமாகும் ஆறு மாதத்தில் அந்தக் கைகள் வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. மானியம் திரும்பி வருகிறது. ஆள் திரும்பி வருவதில்லை.

என் குழுவிடமும் ஒரு தடுப்பூசி இருந்தது. எபோலாவின் உறவு வைரஸ் ஒன்றுக்கானது. விலங்குகளிடம் நன்றாகவே வேலை செய்தது. அடுத்து நாங்கள் கேட்டது, தடுப்பூசிக்கு விதையாகும் மூல வைரஸை மனிதருக்குப் போடத்தக்க தரத்தில் தயாரிக்கவும், அது எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று பார்க்கவுமான செலவு. அதில் புதுமை போதாது என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. உண்மைதான், அதில் புதுமை எதுவும் இல்லை. ஒரே குப்பியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வீரியத்தை அளப்பதில் என்ன புதுமை இருக்க முடியும்? அதிலிருந்து பெரிய ஆய்விதழ்களில் கட்டுரையும் வராது. அந்த வேலையில் மூன்றாண்டுகள் செலவிட்ட இளம் ஆய்வாளரின் தன்விவரக் குறிப்பு வெறுமையாகத் தெரியும். அடுத்த நேர்காணலில் அதற்காகவே அவர் கழிக்கப்படுவார். நானும் அப்படிக் கழித்திருக்கிறேன். ஆனால் அந்த வேலை நடக்காமல் எந்தத் தடுப்பூசியும் யாருடைய கைக்கும் போவதில்லை.

அந்த வேலை நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு உகாண்டாவே சான்று. எபோலா வகையைச் சேர்ந்த சூடான் வைரஸுக்கு எர்வெபோ பயன்படாது. 2022 செப்டம்பரில் அங்கே அந்த வைரஸ் பரவியபோது, சோதனைக்கான தடுப்பூசிகள் டிசம்பரில்தான் வந்து சேர்ந்தன. அதற்குள் 55 பேரின் மரணம் உறுதிசெய்யப்பட்டு, பரவலும் அடங்கிவிட்டது. சோதிக்க நோயாளிகளே இல்லை. ஆனால் இம்முறை கதையை அங்கேயே முடித்துவிடாமல், மருந்தை அந்த நாட்டிலேயே இருப்பு வைத்து, சோதனைக்கான நெறிமுறைகளையும் ஆயத்தமாக வைத்திருந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று அதே வைரஸ் மீண்டும் வந்ததாக அறிவிக்கப்பட்டது. நான்காவது நாளில் வளையத் தடுப்பூசிச் சோதனை தொடங்கிவிட்டது. பரவல் சிறியது என்பதால் அந்த மருந்தின் திறன் அதில் நிறுவப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனாலும் இரண்டரை மாதம் நான்கு நாளாகச் சுருங்கியது, நோய் இல்லாத இரண்டு ஆண்டுகளில் யாரோ செய்த சலிப்பூட்டும் வேலையால்தான்.

எல்லா வைரஸுக்கும் இப்படிச் செலவிட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. ஆனால் வைரஸ்கள் குடும்பம் குடும்பமாக வருகின்றன. ஒன்றில் கற்றது உறவினருக்கும் உதவும். 2012-இல் கண்டறியப்பட்ட, கோவிட் வைரஸின் உறவான மெர்ஸ் வைரஸுக்காக ஆக்ஸ்போர்டில் சாரா கில்பர்ட்டின் குழு செய்துவந்த வேலைதான், 2020-இல் கோவிட் தடுப்பூசியை அவ்வளவு விரைவாக உருவாக்க அவர்களுக்குக் கைகொடுத்தது. மெர்ஸ் பெரிதாகப் பரவாததால் அந்தப் பணம் வீண் என்று 2019-இல் ஒரு குழு முடிவு செய்திருந்தால், அதன் நியாயத்தை அன்று யாரும் மறுத்திருக்க முடியாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒரு தடுப்பூசி குரங்குகளைக் காப்பாற்றிவிட்டால், அதற்கான நிதி அந்தக் கட்டுரையோடு நிற்காமல், மனிதரிடம் முதற்கட்டப் பாதுகாப்புச் சோதனை முடிந்து, சில ஆயிரம் ஊசிகள் இருப்பில் சேரும்வரை ஒரே தொடராக வரட்டும். இரு மானியங்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் ஆய்வகத் தொழில்நுட்பர்களின் ஊதியத்துக்கென ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். தரக்கட்டுப்பாட்டு வேலையில் ஆண்டுகளைச் செலவிட்டவரை மதிப்பிடும்போது, கட்டுரைகளை எண்ணாமல், அவர் தயாரித்த மருந்து எந்த நிலையை எட்டியது என்று கேளுங்கள். இதற்காக வேறு ஆய்வுகளைக் குறைக்க வேண்டியிருந்தால், விலங்குச் சோதனையோடு நின்றுபோன ஐந்து தடுப்பூசிகளுக்குப் பதிலாக, இருப்புவரை போன இரண்டைத் தேர்ந்தெடுக்கவே நான் கைதூக்குவேன்.

எங்களுடைய பழைய உறைபெட்டியின் கீழ்த்தட்டில், பனி மூடிய ஓர் அட்டைப்பெட்டியில், எங்கள் தொழில்நுட்பர் கைப்பட எழுதிய ஒட்டுச்சீட்டுகளோடு 81 சிறு குழாய்கள் இன்னும் மைனஸ் 80 பாகையில் இருக்கின்றன. உங்கள் குழு விரும்பினால், அவற்றின் முழுப் பதிவேடுகளோடு நேரில் வந்து விளக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வைரஸ் ஆய்வாளர்