1870-இல் முடியாத கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்நாட்டு அரசியல் சட்டத்தில் அடிமைமுறையை ஒழித்த 13-ஆவது திருத்தம் (1865), கருப்பின மக்களைக் குடிமக்களாக்கிய 14-ஆவது திருத்தம் (1868), நிறத்தைச் சொல்லி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15-ஆவது திருத்தம் (1870) மூன்றையும் தெளிவாக விளக்கியிருந்தீர்கள். ஆனால் கட்டுரை 1870-உடன் நின்றுவிட்டதே! படிக்கிற பிள்ளைகள் அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றல்லவா நினைப்பார்கள்?

13-ஆவது திருத்தத்திலேயே ஓட்டை இருந்தது. குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் கட்டாய உழைப்பு செல்லும் என்றது அது. தென் மாநிலங்கள் வேலையின்றித் திரிவதையே குற்றமாக்கின. கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விட்டன.

வாக்குரிமையைப் பறித்த விதம் இன்னும் கொடுமை. மிசிசிப்பி 1890-இல் இயற்றிய மாநில அரசியல் சட்டம் நிறத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. ஆனால் வாக்களிக்க 2 டாலர் தலைவரி கட்ட வேண்டும். சட்டப் பிரிவு ஒன்றைப் படிக்கவோ, படித்துக் காட்டினால் விளக்கவோ தெரிய வேண்டும். விளக்கம் சரியா என்று முடிவுசெய்பவர் வெள்ளைக்கார அதிகாரி. உச்ச நீதிமன்றமும் 1898-இல் இதில் தவறில்லை என்றுவிட்டது.

15-ஆவது திருத்தம் வந்து 92 ஆண்டுகள் கழித்து, 1962 ஆகஸ்டில், பருத்தித் தோட்டத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர் வாக்காளராகப் பதிய மிசிசிப்பியின் இண்டியனோலா ஊருக்குப் பேருந்தில் போனார். புரியாத ஒரு சட்டப் பிரிவைக் கொடுத்து விளக்கச் சொல்லி, தோற்றதாக அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில், பேருந்தின் நிறம் சரியில்லை என்று ஓட்டுநர் மேல் வழக்கு! மனுவைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் வெளியேறு என்றார் தோட்ட முதலாளி. உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன் என்று சொல்லிவிட்டு அன்றிரவே ஹேமர் வெளியேறினார். 18 ஆண்டுகள் உழைத்த இடம் அது.

15-ஆவது திருத்தத்தின் இரண்டாம் பிரிவு, அதை நடைமுறைப்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு 1870-லேயே கொடுத்திருந்தது. அந்த அதிகாரத்தை உருப்படியாகப் பயன்படுத்திய வாக்குரிமைச் சட்டம் 1965-இல்தான் வந்தது, அதுவும் ஹேமரைப் போன்றவர்கள் அடிபட்டு, சிறை சென்று போராடிய பிறகு.

அடுத்து வரும் இதழ் ஒன்றில் இந்த 95 ஆண்டுகளைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். ஹேமரின் பெயர் அதில் கட்டாயம் வர வேண்டும்.

அன்புடன்,
வாசகர், தென்காசி