நம் வாசகர் வட்டத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜனவரியில் பொங்கல் சந்திப்பு, மார்ச்சில் நோன்பு திறப்பு, டிசம்பரில் பாரதி பிறந்தநாள் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. மே மாதம் முடிந்து, கோடையில் பாதிப் பேர் ஊருக்குப் போனதால் கூட்டம் இல்லை.

இந்த ஆண்டு நான் முன்மொழிந்து நடத்தியது, பாலைவனத்து அரபு நாடோடி மரபினரான பெதுயின் மக்களின் பெண்களைப் பற்றிய சிறுகதை வாசிப்பு. கதைகளை ஆங்கில வழியாக நானே தமிழில் எழுதி, வெள்ளி மாலைகளில் வாசித்தோம். குவைத்தில் ஜஹ்ரா பக்கம் வேலை பார்ப்பவர்கள் பெதுயின் குடும்பங்களைத் தினமும் பார்க்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்களைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஷேக்கா ஹெலாவியின் கதைகளில் தொடங்கினோம். ஹைஃபா அருகே, இஸ்ரேல் அரசு அங்கீகரிக்காத ஒரு பெதுயின் ஊரில் பிறந்தவர். 2019இல் இதே குவைத்தில் வழங்கப்படும் அல்முல்தகா சிறுகதைப் பரிசைப் பெற்றவர். அங்கீகாரம் இல்லாத ஊர் என்றால் மின்கம்பி வராது, குடிநீர்க் குழாய் வராது, வீட்டை இடிக்க ஆணை மட்டும் வரும். அங்கே வளரும் பெண்பிள்ளைக்கு வீட்டுக் கட்டுப்பாடு வேறு.

மே மாதம் எகிப்தின் மேற்குப் பாலைவனத்து அவ்லாத் அலி என்ற பெதுயின் குலத்துப் பெண்கள் பாடும் கின்னாவா பற்றிப் பேசினோம். சின்னஞ்சிறு பாட்டு. வாய்விட்டுச் சொன்னால் மானம் போய்விடும் என்று அடக்கிவைத்த ஆசையும் பிரிவும் அதில்தான் வெளியே வரும். பெதுயின்களிடையே பெரியப்பா, சித்தப்பா மகனுக்கே பெண்மேல் முதல் உரிமை என்ற வழக்கமும் பேச்சில் வந்தது. நமக்கு அவன் அண்ணன், தம்பி. மாமன் மகன்தான் முறை. அப்புறம் யாரும் தாளைப் பார்க்கவில்லை. முறைப்பையனுக்குக் கட்டிவைக்கப்பட்ட தன் தங்கையைப் பற்றி ஒரு அக்கா அரைமணி நேரம் பேசினார். என் ஆண்டு உழைப்புக்கு அந்த அரைமணி போதும்.

அக்டோபரில், பெதுயின் நெசவுக் கலையைக் காத்துவரும் சது இல்லம் போய்த் தறியைப் பார்த்தோம். கூடாரத் துணியை நெய்வதும், இடம் மாறும்போது கூடாரத்தைப் பிரித்துக் கட்டுவதும் பெண்கள். ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கும் திரையும் அவர்கள் கையால் நெய்ததே.

ஆனால் 22 உறுப்பினர்களில் எந்தக் கூட்டத்துக்கும் 7 பேருக்கு மேல் வரவில்லை. "பாலைவனக் கதை நமக்கெதற்கு" என்றவர்கள் ஒரு நாளாவது வந்து கேட்டிருக்கலாம். மாதம் 1 தினார் சந்தா. 9 பேர் ஆறு மாதமாகத் தரவில்லை. நகல் செலவை நான்தான் போட்டேன். மற்றபடி வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. விவரம் பொருளாளரிடம் உள்ளது.

இடம் தந்த குடும்பத்துக்கும், தேநீர் பார்த்துக்கொண்ட தங்கைகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் சரி, ஒப்படைக்கிறேன். வாசிப்பை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். பொங்கல் முடிந்த முதல் வெள்ளிக்கான கதை தயார். 22 பிரதி எடுத்துவைத்திருக்கிறேன்.

செயலாளர்