பெர்ல் லூப்பில் தேயும் எடை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கு நீ பெர்ல் நிரலாக்க மொழியில் எழுதிய வரத்துக் கணக்கு ஸ்கிரிப்டைப் பார்த்தேன். 8,450 கிலோ தோத்தாபுரி மாம்பழ லோடு முதல் அறிக்கையில் 8.45 டன் என்று சரியாக வருகிறது; அடுத்த அறிக்கையில் 0.00845 ஆகிவிடுகிறது. எடைமேடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே. அவர் தந்த எண் சரிதான்.

ஃபார்ஈச் (foreach) என்பது அரேயின், அதாவது மதிப்புப் பட்டியலின், உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப். அதன் மாறி, அரேயில் உள்ள மதிப்பின் நகல் அல்ல. அதே மதிப்புக்கு இன்னொரு பெயர். நீ பெயர் வைக்காவிட்டால் அந்த மாறி $_ தான். உள்ளே $_ /= 1000 (ஆயிரத்தால் வகு) என்று எழுதினால் அரேயே வகுபடும். டன்னாகிவிட்டதை இரண்டாவது லூப் மறுபடி வகுக்கிறது. மாறியை அறிவிக்கும் ‘மை’ (my) போட்டுப் பெயர் வைத்தால் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் நகல் எடுக்காது. லூப் மாறிக்கு $கிலோ என்று பெயர் வைத்து, லூப்பின் முதல் வரியிலேயே $கிலோ / 1000 என்பதை $டன் என்ற புது மாறியில் வாங்கிக்கொள். பட்டியலை மாற்றித் தரும் மேப் (map), வடிகட்டித் தரும் கிரெப் (grep) இரண்டிலும் $_ இப்படித்தான். அங்கே எழுத்துச் சரத்தில் s/// கொண்டு பதிலீடு செய்வதானால், பெர்ல் 5.14 முதல் கடைசியில் ‘ஆர்’ (r) சேர்க்கலாம்: மூலத்தைத் தொடாமல் மாற்றிய சரத்தை மட்டும் தரும்.

உன் ஸ்கிரிப்டில் மாம்பழ ரகப் பெயர்கள் காலியாவது இதைவிடப் பொல்லாத கோளாறு. லூப்புக்குள் நீ கூப்பிடும் விலை தேடும் சப்ரூட்டீன் (தனியாக எழுதிய துணை நிரல்), விலைக் கோப்பை வைல் (while) லூப்பில் மாறி எதுவும் சொல்லாமல் வரிவரியாகப் படிக்கிறது. ஒவ்வொரு வரியும் நிரல் முழுவதற்கும் பொதுவான குளோபல் $_-க்குள் போகும். ஃபார்ஈச் போல வைல் பழைய மதிப்பை எடுத்துவைத்துத் திருப்பித் தராது. அந்த நேரத்தில் $_ என்பதே உன் ரகப் பட்டியலின் ஓர் உறுப்பு. ‘செந்தூரா’ இருந்த இடத்தில் விலை வரிகள் மாறிமாறி வந்து, கோப்பு முடிந்ததும் அன்டெஃப் (மதிப்பே இல்லாத நிலை) நிற்கும். எச்சரிக்கையோ எங்கோ தள்ளி, அச்சிடும் வரியில்தான் வரும். அங்கே தேடிப் பயனில்லை.

அந்த வைல் லூப்புக்கு மை போட்ட தனி மாறி கொடு. வெளி லூப்புக்குப் பெயர் வைத்தாலும் அரே தப்பும்தான். ஆனால் நாளைக்கே யாராவது அதே சப்ரூட்டீனை மேப்புக்குள் கூப்பிட்டால் மறுபடி மாட்டும். அங்கே பெயர் வைக்க வழியில்லை.

இன்னும் எங்காவது இந்தக் கோளாறு ஒளிந்திருந்தால், சந்தேகமான அழைப்புக்கு முன்னும் பின்னும் டேட்டா டம்பர் (Data::Dumper) என்ற மாட்யூலால் அரே முழுவதையும் அச்சிடு. லூப் மாறியை மட்டும் பார்த்தால் பிடிபடாது. அரேக்குப் பதில் (8450, 7200) என்று எண்களையே கொடுத்தும் லூப்பை ஓட்டிப் பார்: படிக்க மட்டுமான மதிப்பை மாற்றப் பார்க்கிறாய் என்று அந்த வரியிலேயே பெர்ல் நின்றுவிடும்.

சாவிக்கு ஒரு மதிப்பு என்று ஜோடியாக வைக்கும் ஹாஷிலும் கவனம் வேண்டும். மதிப்புகளைத் தரும் வேல்யூஸ் (values) மேல் லூப் ஓட்டி மாற்றினால் மூலம் மாறும். சாவிகளைத் தரும் கீஸ் (keys) தருவது நகல்தான்.

அன்புடன்,
அண்ணன்